வராத காய்ச்சலுக்கு எத்தனை கோடி, தெரியுமா?

பிரியாணிக்குத் தாளிக்கும்போது எண்ணெயில் பொரிந்து மணக்கும் அன்னாசிப்பூவுக்காக, 2005ஆம் ஆண்டு உலகின் பணக்கார அரசாங்கங்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன, தெரியுமா?

மசாலாவுக்காக அல்ல, மருந்துக்காக! அன்னாசிப்பூவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஷிகிமிக் அமிலம்தான் ஃப்ளூ காய்ச்சலுக்கான டாமிஃப்ளூ மாத்திரையின் மூலப்பொருள். ஆசியாவில் கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் அந்த ஆண்டு ஐரோப்பாவின் வாசலுக்கு வந்துவிட்டது. அது மனிதருக்கு மனிதர் தொற்ற ஆரம்பித்தால் என்ன ஆவது என்ற பயத்தில் ஒவ்வொரு நாடும் லட்சக்கணக்கான மாத்திரைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. தயாரிப்பாளரான ரோஷ் நிறுவனம் சீனாவின் அன்னாசிப்பூ விளைச்சலில் பெரும்பகுதியை வாங்கிக் குவித்தது, சந்தையில் விலை ஏறியது. பின்னாளில் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்து அதே அமிலத்தைப் பெரிய அளவில் எடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை, உலகப் பெருந்தொற்றுக்கு எதிரான முதல் அரண் குவாங்சி மலைச்சரிவுகளில் ஒரு மரத்தில் காய்த்துக்கொண்டிருந்தது!

அப்படி வாங்கிக் குவித்த நாடுகளில் பிரிட்டன் முன்வரிசையில் இருந்தது. 2006 முதல் 2013 வரை டாமிஃப்ளூவுக்கு மட்டும் 42.4 கோடி பவுண்டு! ரெலென்சா என்ற இன்னொரு மருந்துக்கு 13.6 கோடி பவுண்டு. டாமிஃப்ளூ இருப்பின் இலக்கு ஏறக்குறைய 4 கோடிப் பேருக்கான மாத்திரைகள். ஒருவருக்குப் பத்து மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஐந்து நாள்.

அந்த மாத்திரைகளில் ஒரு பகுதி என்ன ஆனது? 7.4 கோடி பவுண்டு மதிப்புள்ள டாமிஃப்ளூ கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யப்பட்டது. காலாவதி ஆனது கொஞ்சம்தான். பெரும்பகுதி, 65 லட்சம் பேருக்கான மாத்திரைகள், வேறொரு காரணத்தால் குப்பைக்குப் போயின. 2009 பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றின்போது அவற்றை மையக் கிடங்கிலிருந்து ஊர் ஊராக அனுப்பினார்கள். மிச்சம் இருந்ததைத் திரும்ப எடுத்தபோது, அங்கெல்லாம் சரியான வெப்பநிலையில் வைக்கப்பட்டிருந்ததா என்பதற்குப் பதிவேடு இல்லை! மாத்திரை நல்ல நிலையில்கூட இருந்திருக்கலாம். ஆனால் எழுதி வைக்காத மருந்தை நோயாளிக்குக் கொடுக்க முடியாதே. அந்த ஒரு வகையில் மட்டும் 4.9 கோடி பவுண்டு நஷ்டம் என்று நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2014 ஜனவரியில் கடுமையாகச் சாடியது. ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் அதைத் தினமும் பார்த்து எழுத ஒரு ஆளும் இருந்திருந்தால் போதும்.

அதே 2014இல் இன்னொரு செய்தியும் வந்தது. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள், மருந்து நிறுவனங்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிப் பெற்ற முழுமையான சோதனை அறிக்கைகளை அலசிவிட்டுச் சொன்னார்கள்: டாமிஃப்ளூ சாப்பிட்டால் பெரியவர்களுக்குக் காய்ச்சல் அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன. முக்கால் நாள் லாபம்! மருத்துவமனையில் சேர்ந்த கடுமையான நோயாளிகளுக்குச் சீக்கிரம் கொடுத்தால் உயிர் காக்கும் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

வைரஸ் வருவதற்கு முன்பே பாதிச் செலவு!

2009 பன்றிக்காய்ச்சலுக்கு பிரிட்டன் செலவழித்த மொத்தத் தொகை எவ்வளவு தெரியுமா? சுமார் 120 கோடி பவுண்டு. டேம் டீர்ட்ரி ஹைன் தலைமையில் நடந்த சுயேச்சையான ஆய்வு 2010 ஜூலையில் இந்தக் கணக்கை வெளியிட்டது. அதில் பாதிக்கு மேல், அந்த வைரஸ் உலகில் தலைகாட்டுவதற்கு முன்பே செலவாகிவிட்ட பணம். மருந்து, முகக்கவசம், ஆன்டிபயாடிக், ஒப்பந்தம் என்று எல்லாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்தது.

ஒப்பந்தம் என்றதும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இவற்றுக்கு 'உறங்கும் ஒப்பந்தம்' என்றே பெயர்! 2007இல் ஜிஎஸ்கே, பாக்ஸ்டர் ஆகிய இரண்டு நிறுவனங்களோடு பிரிட்டன் இப்படி எழுதிக்கொண்டது. பெருந்தொற்று வரும்வரை ஒப்பந்தம் தூங்கும். ஆண்டுதோறும் கட்டணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். உலகப் பெருந்தொற்று உறுதியானதும் ஒப்பந்தம் விழித்துக்கொள்ளும். இன்னும் கண்டுபிடிக்கவே படாத ஒரு வைரஸுக்கான தடுப்பூசியில் நமக்கு முதல் பங்கு. 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றை அறிவித்தது. நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு டோஸ் என்று கணக்குப் போட்டு, 13 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களுக்கு பிரிட்டன் ஏற்பாடு செய்தது.

பிறகு பெரும்பாலோருக்கு ஒரே டோஸ் போதும் என்று தெரிந்தது. நோயும் பயந்த அளவுக்குக் கொடூரமாக இல்லை. பாக்ஸ்டர் ஒப்பந்தத்தில் இடையில் விலகிக்கொள்ள ஒரு ஷரத்து இருந்தது. ஜிஎஸ்கே ஒப்பந்தத்தில் அப்படி ஒன்று இல்லை! மாதக்கணக்கில் பேசிப் பேசி, கடைசியில் 3.48 கோடி டோஸ் எடுத்துக்கொள்வதாக முடிவானது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 60 லட்சம் பேர்தான். ஊசி மருந்து வாங்கிய செலவு போக, அதைக் குத்துவதற்குக் குடும்ப மருத்துவர்களுக்கு டோஸுக்கு 5.25 பவுண்டு என்று தனியாகப் பேரம் நடந்தது. அந்தக் கூலியை எந்தத் திட்டத்திலும் மறக்கக் கூடாது. மருந்துக்குப்பி தானாக யார் தோளிலும் ஏறிக்கொள்வதில்லை.

2009 ஜூலையில், மோசமான நிலை வந்தால் 65,000 பேர் இறக்கக்கூடும் என்று திட்டமிடச் சொன்னார்கள். செப்டம்பரில் அதை 19,000 ஆகக் குறைத்தார்கள். 2010 மார்ச் வரை பதிவான மரணங்கள் 457. உடனே பத்திரிகைகள் எழுதின, வீண் பீதி, வீண் செலவு என்று. ஹைன் அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. நாடு நன்றாகத்தான் தயாராக இருந்தது, எடுத்த முடிவுகள் அந்த நேரத்துக்குப் பொருத்தமானவையே என்றது. கோடையில் கண்மாய்க் கரையை உயர்த்திக் கட்டியவனைப் பார்த்து, அந்த வருடம் மழை பொய்த்ததும், கூலி வீண் என்று சொல்வதா?

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. காய்ச்சல் வந்தவர் யாரும் மருந்தகத்துக்கோ மருத்துவரிடமோ வந்துவிடக் கூடாது, வந்தால் காத்திருக்கும் கூட்டத்துக்கெல்லாம் தொற்றும். அதனால் ஜூலை 23 அன்று இங்கிலாந்தில் தேசியப் பெருந்தொற்றுக் காய்ச்சல் சேவை என்று ஒரு தொலைபேசி எண்ணும் இணையதளமும் திறந்தார்கள். கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணோடு, காய்ச்சல் இல்லாத ஒரு சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ போய் மாத்திரையை வாங்கி வர வேண்டும். அவருக்கு 'காய்ச்சல் நண்பர்' என்று பெயர்! உங்கள் காய்ச்சல் நண்பர் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள் என்று வீட்டுக்கு வீடு துண்டுப்பிரசுரம் போனது. திறந்த சில நிமிடங்களிலேயே இணையதளம் கூட்டம் தாங்காமல் விழுந்தது, எழுந்தது, பிறகு மாதக்கணக்கில் ஓடியது. பத்து லட்சத்துக்கும் அதிகமான மாத்திரைப் பொட்டலங்கள் அந்த நண்பர்கள் கையால் வீடு சேர்ந்தன. சேமிப்புக் கிடங்கைக் கட்டுகிறவர்கள் பலர். கிடங்கிலிருந்து படுக்கை வரைக்கும் மாத்திரை எப்படி நடந்து போகும் என்று யோசித்தவர்கள் இவர்கள்.

கோழி முட்டையில் ராணுவ ரகசியம்

ஒரு டோஸ் காய்ச்சல் தடுப்பூசிக்குத் தோராயமாக ஒரு முட்டை வேண்டும், தெரியுமா? 1940களில் தொடங்கிய இந்த முறைதான் இன்றும் உலகின் பெரும்பாலான காய்ச்சல் தடுப்பூசியைத் தருகிறது.

எந்த முட்டையும் உதவாது. சேவலோடு சேர்ந்த கோழி இட்ட கரு முட்டையாக இருக்க வேண்டும். பத்துப் பதினோரு நாள் அடை வெப்பத்தில் வைத்த முட்டையை இருட்டறையில் விளக்குக்கு நேரே பிடிக்கிறார்கள். ஓட்டுக்குள்ளே சிவப்பு நரம்புகள் வலையாகப் படர்ந்து, நடுவில் ஒரு புள்ளி அசைந்தால் கரு உயிரோடு இருக்கிறது. அது மட்டும்தான் தேறும். ஓட்டில் ஊசிமுனை அளவுக்குத் துளை போட்டு, கருவைச் சூழ்ந்த திரவத்துக்குள் வைரஸைச் செலுத்தி, துளையை அடைத்து, மறுபடி வெப்பப்பெட்டியில் வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் வைரஸ் கோடிகோடியாகப் பெருகிவிடும். பிறகு முட்டையைக் குளிர வைத்து, உச்சியைச் சீவி, தெளிந்த திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கிறார்கள். அதைச் சுத்திகரித்து, வைரஸைக் கொன்று, உடைத்து, சோதித்து, குப்பியில் அடைத்தால் தடுப்பூசி. வைரஸ் அடையாளம் காணப்பட்ட நாளிலிருந்து முதல் குப்பி வெளியே வர ஐந்தாறு மாதம்.

இப்போது யோசியுங்கள். கோழிகளைக் கொல்லும் காய்ச்சலுக்கு எதிரான மருந்து, கோழி முட்டையில் வளர வேண்டும்! கோழிகள் எல்லாம் செத்துவிட்டால்? அந்தப் பயத்தால்தான் அமெரிக்க அரசு, தடுப்பூசிப் பருவம் இல்லாத மாதங்களிலும் முட்டை கிடைக்கும்படி ஆண்டு முழுவதும் கோழிப் பண்ணைகளைப் பராமரிக்கப் பணம் கொடுத்து வருகிறது. பண்ணைகள் எங்கே இருக்கின்றன என்று வெளியே சொல்வதில்லை. ஒரு முட்டைக்குக்கூடத் தேவை வராத வருடங்களிலும் அந்தக் கோழிகளுக்குத் தீவனம் போட்டாக வேண்டும். தயார் நிலை என்பதன் செலவு இந்தத் தீவனச் செலவுதான், வருடா வருடம், சத்தமில்லாமல்.

முட்டை கைவிட்ட சம்பவமும் உண்டு. 2009இல் பன்றிக்காய்ச்சல் வைரஸ் முட்டையில் எதிர்பார்த்தபடி வளரவில்லை. அமெரிக்காவில் இரண்டாம் அலை அக்டோபர் இறுதியில் உச்சத்துக்குப் போனபோது தடுப்பூசி சொட்டுச்சொட்டாகத்தான் வந்தது. வெள்ளமாக வந்தபோது அலை வடிந்துவிட்டது. 2010 ஜூலையில் சுமார் 4 கோடி டோஸ்களைக் காலாவதி என்று கழித்தார்கள். அதற்குப் பின்தான் முட்டை இல்லாமல் செல்களில் வைரஸை வளர்க்கும் தொழிற்சாலைகளுக்கு வேகம் பிறந்தது.

அதற்கும் முன்னால், 2004 அக்டோபர் 5 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த ஒரே ஒரு தொழிற்சாலையின் உரிமத்தை பிரிட்டன் அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்கள். தயாரித்த குப்பிகளில் பாக்டீரியா கலந்திருந்தது. அந்த ஒரு கையெழுத்தில் அமெரிக்காவின் அந்த வருடத் தடுப்பூசியில் ஏறக்குறையப் பாதி காணாமல் போனது! முதியவர்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். பெருந்தொற்றே வராத ஒரு சாதாரண வருடத்தில் நடந்தது இது.

சேவலைக் கொல்லாதே!

1957 ஏப்ரல் 17. வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானி நியூயார்க் டைம்ஸ் படித்துக்கொண்டிருக்கிறார். ஹாங்காங்கில் இரண்டரை லட்சம் பேருக்குக் காய்ச்சல், மருத்துவமனை வாசலில் தாய்மார்கள் முதுகில் கட்டிய குழந்தைகளோடு காத்திருக்கிறார்கள், குழந்தைகளின் கண்கள் கண்ணாடிபோல் வெறித்திருக்கின்றன என்று ஒரு செய்தி. அவர் எழுந்துவிட்டார். இது பெருந்தொற்று!

மாதிரியை வரவழைத்துச் சோதித்தார். புது வைரஸ்தான். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அமெரிக்காவில் வெடிக்கும் என்று கணித்தார். தடுப்பூசி நிறுவனங்களுக்கு நேரடியாக மாதிரியை அனுப்பினார். கூடவே ஒரு வேண்டுகோள்: குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் சேவல்களை அறுத்துவிடுவது பண்ணைக்காரர்களின் வழக்கம், இந்த முறை அறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்! சேவல் இல்லையென்றால் கரு முட்டை இல்லை, கரு முட்டை இல்லையென்றால் ஊசி இல்லை. ஆண்டு முடிவதற்குள் 4 கோடி டோஸ் தயாரானது. ஒரு மனிதர், ஒரு நாளிதழ், கொஞ்சம் சேவல்கள்!

அதே வருடம் மே மாதம், அதே வைரஸ் இந்தியாவுக்குள் எங்கே நுழைந்தது தெரியுமா? நம் சென்னைத் துறைமுகத்தில்! சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். அங்கிருந்து நாடெங்கும் பரவி, பதிவானது மட்டும் 44 லட்சம் பேர். அந்த வைரஸை ஆராய நம்மிடம் ஏற்கெனவே ஒரு மையம் இருந்தது, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில். உலக சுகாதார நிறுவனம் 1952இல் கோத்த காய்ச்சல் கண்காணிப்பு வலைப்பின்னல் இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அதன் வல்லுநர்கள் கூடி அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எந்த வைரஸ் சேர வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். உலகம் செய்துகொண்ட மிக மலிவான தற்காப்புகளில் இதுவும் ஒன்று என்பேன்.

பணம் இருந்தது, ஆள் இல்லை

1918இல் அமெரிக்கப் பொது சுகாதாரச் சேவைக்குப் பெருந்தொற்றுக் காய்ச்சலை எதிர்க்க நாடாளுமன்றம் 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் செலவழிக்க வழியில்லாமல் கருவூலத்துக்கே திரும்பிப் போனது, தெரியுமா? நாடு முழுக்கப் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த நேரத்தில்! மருத்துவர்களையும் தாதியரையும் முதல் உலகப் போர் வாரிக்கொண்டு போயிருந்தது. சம்பளம் கொடுக்கப் பணம் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தயார் நிலைக்கான செலவு என்று எந்த நாட்டின் பட்டியலைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது மருந்தின் விலையை அல்ல, எத்தனை தாதியரின் சம்பளம் அதில் இருக்கிறது என்பதைத்தான்.

காசே ஆகாத தற்காப்பும் அந்த வருடம் இருந்தது. பசிபிக்கில் சமோவா தீவுகள் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தன. நியூசிலாந்தின் கையிலிருந்த மேற்கு சமோவாவுக்கு 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து 'தலூன்' என்ற கப்பல் வந்தது. கப்பலில் காய்ச்சல். ஆனாலும் பயணிகள் இறங்க விட்டார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 8,500 பேர், இறந்தார்கள். பக்கத்துத் தீவான அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் துறைமுகத்தை இறுக மூடிக் காவல் போட்டார். அங்கே ஒரு மரணம்கூட இல்லை! மேற்கு சமோவாவில் நடந்ததற்காக 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் மன்னிப்புக் கேட்டார்.

வராமலே போன பெருந்தொற்று

1976 தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு வீரர் இறந்தார். 1918 வைரஸின் உறவு போலத் தெரிந்த பன்றிக்காய்ச்சல். மார்ச் 24 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, போலியோ தடுப்பூசி தந்த சால்க், சேபின் இருவரையும் ஆலோசித்துவிட்டு, அமெரிக்கர் அத்தனை பேருக்கும் ஊசி என்று அறிவித்தார். 13.5 கோடி டாலர் ஒதுக்கீடு.

யார் குறுக்கே நின்றார்கள் தெரியுமா? காப்பீட்டு நிறுவனங்கள்! ஊசியால் யாருக்காவது ஏதாவது ஆனால் நஷ்டஈடு எங்களால் முடியாது என்று கைவிரித்தன. பொறுப்பை அரசே ஏற்றுச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அக்டோபர் 1 முதல் பத்தே வாரத்தில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆனால் பெருந்தொற்று வரவே இல்லை; வைரஸ் அந்த முகாமைத் தாண்டவில்லை. பதிலுக்கு, ஊசி போட்டவர்களில் லட்சத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் கூடுதலாகத் தெரிந்தது. டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் டேவிட் சென்சர் பதவி இழந்தார்.

இதில் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. புது அரசின் சுகாதாரத் துறை அமைச்சர், முந்தைய அரசு எப்படி அந்த முடிவுக்கு வந்தது என்று ஆராய ஹார்வர்டைச் சேர்ந்த நியூஸ்டாட், ஃபைன்பெர்க் இருவரையும் கேட்டுக்கொண்டார். 1978இல் வந்த அவர்களது அறிக்கை, தடுப்பூசி தயாரிக்கும் முடிவையும் அதைப் போடும் முடிவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதே பெரிய தவறு என்று காட்டியது. தயாரித்து வையுங்கள், நிலைமையைப் பாருங்கள், பிறகு போடுங்கள். எவ்வளவு எளிய யோசனை!

நூறு கோடி முகக்கவசம் எங்கே?

2009இல் பிரான்சின் சுகாதார அமைச்சர் ரோஸ்லின் பாஷ்லோ 9.4 கோடி டோஸ் தடுப்பூசிக்கு ஆர்டர் கொடுத்தார். போட்டுக்கொண்டது ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர். அது மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 5 கோடி டோஸ்களை ரத்து செய்தார்கள். பணத்தை வாரி இறைத்தவர் என்று அவரை ஊரே ஏசியது. அப்போது நாட்டின் இருப்பில் சுமார் 100 கோடி அறுவைசிகிச்சை முகக்கவசங்கள் இருந்தன.

அந்த ஏச்சுக்கு ஒரு பலன் இருந்தது. அதற்குப் பின் வந்த எந்த அமைச்சருக்கும் அதிகமாக வாங்கிவிட்டார் என்ற பெயர் எடுக்கும் துணிவு வரவில்லை. கவசங்கள் பழையதாகின, கழிக்கப்பட்டன, ஈடாக வாங்கவில்லை. 2020 தொடக்கத்தில் கொரோனா வந்தபோது கையிருப்பு சுமார் 11.7 கோடி! அமெரிக்காவிலும் இதே கதை. 2009இல் கிடங்கிலிருந்து கோடிக்கணக்கில் எடுத்துக் கொடுத்த என்95 கவசங்களைத் திரும்ப நிரப்பவில்லை.

பிரிட்டனோ ஒத்திகையே பார்த்தது. 2016 அக்டோபர் 18 முதல் 20 வரை 'சிக்னஸ்' என்ற பெயரில், 950க்கும் மேற்பட்டோர் சேர்ந்து, கற்பனையான ஒரு காய்ச்சல் பெருந்தொற்றின் ஏழாவது வாரத்தை நடத்திப் பார்த்தார்கள். மக்களில் பாதிப் பேருக்கு நோய், 2 லட்சம் முதல் 4 லட்சம் வரை மரணம் என்பது கதை. மூன்றே நாளில் உண்மை விளங்கிவிட்டது: மருத்துவமனை நோயாளிகளை முதியோர் இல்லங்களுக்கு மாற்றலாம் என்றால் அங்கே இடமும் இல்லை, ஆளும் இல்லை. இப்போதைய ஏற்பாடு போதாது என்று அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. அந்த அறிக்கையை அரசு எப்போது வெளியிட்டது தெரியுமா? 2020 அக்டோபரில், கொரோனா ஆயிரக்கணக்கில் கொன்ற பிறகு! காய்ச்சலுக்காகச் சேர்த்த கிடங்கில் மருத்துவ அங்கிகள்கூட இல்லை. தவறான பெருந்தொற்றுக்குத் தயாரானோம் என்று 2024 ஜூலையில் பரோனஸ் ஹாலட் தலைமையிலான கொரோனா விசாரணை எழுதியது.

ஆளுக்கு 65 சென்ட்

சரி, உலகம் முழுவதும் ஒழுங்காகத் தயாராக எவ்வளவு ஆகும்? 2016இல் அமெரிக்க தேசிய மருத்துவ அகாதெமியோடு இணைந்த ஒரு சர்வதேச ஆணையம் கணக்குப் போட்டது: ஆண்டுக்கு 450 கோடி டாலர். உலக மக்கள் தலைக்கு 65 சென்ட்! பெருந்தொற்றுகளால் ஆகக்கூடிய நஷ்டத்தை ஆண்டுக்குச் சராசரியாகப் பிரித்தால் 6,000 கோடி டாலர். கடுமையான காய்ச்சல் பெருந்தொற்று ஒன்று வந்தால் உலகப் பொருளாதாரத்தில் 4.8 சதவீதம், ஏறக்குறைய 3 லட்சம் கோடி டாலர் போகும் என்று உலக வங்கி 2008லேயே மதிப்பிட்டிருந்தது.

அந்த 65 சென்ட் எதற்கு? ஆய்வகத்துக்கு, அதில் மாதிரியைச் சோதிக்கும் பெண்ணின் சம்பளத்துக்கு, கோழிப்பண்ணையில் கோழி செத்தால் போன் போட ஒரு எண்ணுக்கு, கிடங்கின் வெப்பநிலை நோட்டுக்கு. ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கும்படி இதில் எதுவும் இல்லை. அதனால்தான் பயம் வந்த வருடம் கோடிகளாகக் கொட்டுவதும், பயம் போன வருடம் கையை மூடுவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. 2005 கோடையில் அதிபர் புஷ் 1918 காய்ச்சலைப் பற்றி ஜான் பேரி எழுதிய வரலாற்றைப் படித்தார். நவம்பர் 1 அன்று 710 கோடி டாலர் கேட்டுத் திட்டம் அறிவித்தார்! அமெரிக்காவின் பெருந்தொற்றுத் திட்டங்களில் பலவற்றுக்கு அங்கேதான் விதை விழுந்தது. ஒரு அதிபர் விடுமுறையில் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார் என்பதை நம்பி எத்தனை உயிர்கள் இருக்கின்றன!

இப்போது மறுபடி பயத்தின் பருவம். 2024 மார்ச்சில் அமெரிக்கப் பால்மாடுகளில் ஹெச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருடம் பின்லாந்து, தோலுக்காக மிங்க் வளர்க்கும் பண்ணைத் தொழிலாளர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், கால்நடை மருத்துவர்கள் என்று 10,000 பேருக்குப் பறவைக் காய்ச்சல் ஊசி வழங்க முன்வந்த முதல் நாடானது. டிசம்பரில் பிரிட்டன் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெச்5 டோஸ்களை வாங்கி வைப்பதாக அறிவித்தது. அமெரிக்க அரசு 2025 ஜனவரியில், முட்டையே தேவைப்படாத எம்ஆர்என்ஏ முறையில் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியை உருவாக்க மாடர்னா நிறுவனத்துக்குச் சுமார் 59 கோடி டாலர் ஒதுக்கியது. ஆட்சி மாறியது. மே மாத இறுதியில் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள்.